புகழா, குறையா, கனவா: பிரசாரச் செய்தியை எதன்மேல் கட்டுவது?

மேசைமேல் மூன்று துண்டுப் பிரசுர வரைவுகள் கிடந்தன. முதல் முறையாகப் போட்டியிடும் ஒருவருக்காக எழுதப்பட்டவை. எதிரில் நிற்பவர் இரண்டு முறை தொடர்ந்து வென்றவர். மறுநாள் காலைக்குள் ஒன்றைத் தேர்ந்து அச்சுக்கு அனுப்பியாக வேண்டும்.

முதல் வரைவு "எளிமையானவர், நேர்மையானவர், இருபது ஆண்டுகளாக மக்கள் பணியில்" என்று தொடங்கிப் பதினொரு வாக்குறுதிகளில் போய் முடிந்தது. இரண்டாவதன் தலைப்பு, "பத்து ஆண்டுகள் ஏமாந்தது போதும்!" மூன்றாவது, "புதிய பாதை, புதிய நாளை". வேட்பாளருக்கு முதலாவது பிடித்திருந்தது. பாவம், அவருடைய இருபது ஆண்டு உழைப்பு அதில் இருந்தது. உடனிருந்த இளைஞர்களுக்கு இரண்டாவதைப் படித்ததும் இரத்தம் சூடேறியது. மூன்றாவதை யாரும் மறுக்கவில்லை. யாரும் மறுக்காத வாசகம் யாருக்கும் நினைவில் நிற்காது என்பது என் அனுபவம்.

எந்த நாட்டிலும், எந்த அளவுத் தேர்தலிலும் பெரும்பாலும் இந்த மூன்று வழிகள்தான் மேசைக்கு வருகின்றன: தன்னைச் சொல்வது, எதிராளியைச் சொல்வது, எதிர்காலத்தைச் சொல்வது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. யார் நிற்கிறார், யாருக்கு எதிராக, வாக்காளர் மனத்தில் ஏற்கெனவே என்ன கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்தே அதை முடிவு செய்ய முடியும்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். செய்தி வேறு, முழக்கம் வேறு. 1992இல் அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் பில் கிளிண்டனின் பிரசாரத் தலைமையகத்தில் அவருடைய பிரசார வியூகத்தை வகுத்த ஜேம்ஸ் கார்வில் ஒரு பலகையில் மூன்று வரிகள் எழுதி வைத்திருந்தார். "மாற்றமா, பழைய கதையேவா" என்பது முதல் வரி. "பொருளாதாரம்தான், முட்டாளே" என்பது இரண்டாவது. மருத்துவக் காப்பீட்டுப் பிரச்சினையை மறந்துவிடாதீர்கள் என்பது மூன்றாவது. இரண்டாவது வரி பின்னாளில் உலகப் புகழ் பெற்று முழக்கம்போல் ஆகிவிட்டது. ஆனால் அது வாக்காளருக்காக எழுதப்பட்டதன்று. தினமும் பத்து விஷயங்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தன் ஆட்களுக்கு அவர் போட்ட கடிவாளம் அது. முழக்கத்தைக் கடைசி நாளில்கூட எழுதிவிடலாம். என்ன பேசுவது, அதைவிட முக்கியமாக என்ன பேசாமல் விடுவது என்ற முடிவுதான் செய்தி.

தன்னைச் சொல்வது

பதவியில் இருப்பவருக்கு இது இயல்பான வழி. செய்து காட்டிய வேலை மக்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி இருந்தால் இதைவிட வலுவான செய்தி இல்லை. தொட்டுப் பார்க்க முடியாதபோதுதான் சிக்கல்.

2004 இந்திய மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சியில் இருந்த பாரதிய ஜனதா தரப்பின் "இந்தியா ஒளிர்கிறது" என்ற வாசகத்தில் இலக்கணப் பிழையும் இல்லை, அழகுக் குறையும் இல்லை. பொருளாதார வளர்ச்சிக் கணக்குகளும் அதற்குத் துணை நின்றன. ஆனால் அந்த வாசகம், உன் வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது என்று வாக்காளருக்கு அவருடைய வாழ்க்கையைப் பற்றியே தகவல் சொல்கிறது. அவர் உடனே தன் வீட்டைத் திரும்பிப் பார்ப்பார். அங்கே வெளிச்சம் இருந்தால் தலையாட்டுவார். இல்லாவிட்டால் அந்த வாசகமே அவரைக் கேலி செய்வதுபோல் இருக்கும். காங்கிரஸ் தன் பங்குக்குப் பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை; சாமானியனுக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் திருப்பிக் கேட்டது. காங்கிரஸுக்கு 145 இடங்கள், பாரதிய ஜனதாவுக்கு 138. கூட்டணிக் கணக்குகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஒரு வாசகம் மட்டும் ஓர் ஆட்சியைக் கவிழ்த்துவிடாது. ஆனால் எதிராளி கையில் கேள்வியை எடுத்துக் கொடுத்தது அந்த வாசகம்தான்.

குணத்தைச் சொல்லிக்கொள்வது இன்னும் ஆபத்தானது. 2017இல் பிரிட்டனில் பிரதமர் தெரசா மே "வலுவான, நிலையான" தலைமை என்ற தொடரைப் போகுமிடமெல்லாம் சொன்னார். தேர்தலை அறிவித்தபோது கருத்துக்கணிப்புகளில் அவர் கட்சி வெகுவாக முன்னிலையில் இருந்தது. தேர்தல் அறிக்கையில் முதியோர் பராமரிப்புச் செலவு பற்றிச் சொன்னதை நான்கே நாளில் மாற்றிக்கொண்டார். அதோடு விடாமல் எதுவும் மாறவில்லை என்றும் சொன்னார். நிலையானவர் என்ற பேச்சு அன்றோடு நகைப்புக்கு இடமானது. ஜூன் 8ஆம் தேதி அவர் கட்சி இருந்த பெரும்பான்மையையும் இழந்தது. நாம் எந்தக் குணத்தைச் சொல்லி நிற்கிறோமோ, அந்தக் குணத்தில் விழும் சின்னக் கீறலும் பெரிதாகத் தெரியும்.

புதியவருக்கு இந்த வழி ஏன் உதவாது என்பதற்கு ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறேன். வாசகத்தில் வேட்பாளர் பெயரை அடித்துவிட்டு எதிராளியின் பெயரை எழுதிப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அது செய்தி அன்று. எளிமையானவர், நேர்மையானவர், மக்கள் பணியாளர். நான் கர்வம் பிடித்தவன் என்று சொல்லி யாராவது வாக்குக் கேட்டதுண்டா? முதல் வரைவின் முதல் மூன்று வரிகள் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிட்டன.

எதிராளியைச் சொல்வது

தாக்குதல் பிரசாரம் கீழ்த்தரமானது என்று முகம் சுளிப்பவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. பதவியில் இருந்தவரின் பதிவைக் கேள்வி கேட்பதற்குத்தான் தேர்தல். ஆளை ஏசுவதையும் வேலையைக் கேள்வி கேட்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

நன்றாகச் செய்த தாக்குதலுக்கு 1978இல் பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக சாச்சி விளம்பர நிறுவனம் செய்த சுவரொட்டி நல்ல எடுத்துக்காட்டு. வேலையில்லாதோர் அலுவலகத்தின் முன் வளைந்து வளைந்து போகும் நீண்ட வரிசை. மேலே, அப்போது ஆட்சியில் இருந்த லேபர் கட்சியின் பெயரே உழைப்பைக் குறிக்கும் சொல்லாகவும் இருப்பதை வைத்து ஒரு சிலேடை: லேபர் வேலை செய்யவில்லை. அந்த வரிசையின் கதை சுவையானது. நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் படப்பிடிப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர். அவர்களையே இடம் மாற்றி மாற்றி நிறுத்திப் படமெடுத்து ஒட்டவைத்தார்கள். நின்றவர்கள் வேலையற்றவர்களும் அல்லர், கட்சி ஆட்கள். அமைச்சர் டெனிஸ் ஹீலி நாடாளுமன்றத்தில் கொதித்தெழுந்தார். அதன் பிறகுதான் சுவரொட்டியைப் பார்க்காதவர்களும் செய்தித்தாளில் பார்த்தார்கள். 1979 மே மாதம் கன்சர்வேட்டிவ் தலைவர் மார்கரெட் தாட்சர் வென்றார். 1982இல் வேலையில்லாதோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியபோது அதே சுவரொட்டியை அவருக்கே திருப்பிக் காட்டினார்கள். தாக்குதலை எழுதும்போது, நாளை நாம் அந்த நாற்காலியில் அமர்ந்தால் இதே வாசகம் நம் கழுத்தில் விழுமா என்றும் பார்த்துவிட வேண்டும்.

1964இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தரப்பு ஒளிபரப்பிய விளம்பரம் வேறொரு பாடம். ஒரு சிறுமி பூவிதழ்களை எண்ணிப் பிய்க்கிறாள், அவள் குரல் மங்கி அணுகுண்டுக்கான இறங்குமுக எண்ணிக்கை கேட்கிறது, பிறகு வெடிப்பு. கட்டண விளம்பரமாக அது ஒரே ஒரு முறைதான் போனது, செப்டம்பர் 7 அன்று. எதிராளி பாரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் எங்குமே இல்லை. அணு ஆயுதம் பற்றி அவர் பேசியவை ஏற்கெனவே மக்கள் மனத்தில் ஒரு சலனத்தை உண்டாக்கியிருந்தன. விளம்பரம் அதைத் தொட்டது. மிச்சத்தைப் பார்ப்பவர்களே நிரப்பிக்கொண்டார்கள். மக்கள் மனத்தில் இல்லாத குற்றச்சாட்டைச் சுவரொட்டியால் விதைப்பது பெரும்பாடு. இருப்பதற்குத் தண்ணீர் ஊற்றுவது எளிது.

எப்போது இந்த வழி வேண்டாம்? மூன்று முனைப் போட்டியில். நீங்களும் அவரும் சேற்றை வாரிக்கொள்ளும்போது மூன்றாமவர் சட்டை வெள்ளையாகவே இருக்கும். நீங்கள் யார் என்றே தெரியாத நிலையிலும் வேண்டாம். முன்பின் தெரியாதவர் வந்து குறை சொன்னால், சொல்லும் ஆளைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். நம் இரண்டாம் வரைவுக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. "ஏமாந்தது போதும்" என்பதில் ஏமாந்தவர் யார்? வாக்காளர். இரண்டு முறை அவருக்கு வாக்களித்தவரிடமே போய், நீ ஏமாளி என்று சொல்லி வாக்குக் கேட்கிறோம்.

தாக்கப்பட்டால் எப்படிப் பதில் சொல்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். குற்றச்சாட்டின் சொற்களைத் திருப்பிச் சொல்லி மறுக்கக் கூடாது. 1973இல் அமெரிக்க அதிபர் நிக்சன் "நான் மோசடிக்காரன் அல்ல" என்றார். மக்கள் நினைவில் நின்றது மோசடிக்காரன் என்ற சொல். பிரெக்சிட் பிரசாரத்தில், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் விலக வேண்டும் என்ற பிரசாரத்தில், சிவப்பு பஸ்மேல் எழுதிய வாரம் 35 கோடி பவுண்டு என்ற தொகை தவறான எண்ணத்தைத் தருவது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொன்னது. உண்மைத் தொகை எவ்வளவு என்று எதிர்த்தரப்பு நாள்கணக்கில் வாதாடியது. அத்தனை நாளும் பேச்சு, ஐரோப்பாவுக்கு எவ்வளவு பணம் போகிறது என்பதைப் பற்றியே இருந்தது. பொய்யை மறுக்கத்தான் வேண்டும். ஆனால் நம் உண்மையில் தொடங்கி, பொய்யை ஒரு வரியில் தொட்டு, நம் உண்மையிலேயே முடிக்க வேண்டும்.

எதிர்காலத்தைச் சொல்வது

மூன்றில் இதுதான் எழுதுவதற்கு மிக எளிது. நன்றாக எழுதுவதற்கு மிகக் கடினம். விடியல், ஒளி, பாதை, நாளை என்று பத்துச் சொற்களைக் கலைத்துப் போட்டால் ஒரு முழக்கம் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்ததுதான் நம் மூன்றாவது வரைவு.

சிலியில் 1988இல் நடந்தது வேறு தரம். இராணுவ ஆட்சியாளர் பினோசே இன்னும் எட்டு ஆண்டுகள் ஆட்சியில் நீடிக்கலாமா, கூடாதா என்று அக்டோபர் 5ஆம் தேதி மக்களைக் கேட்டார்கள். பல ஆண்டு அடக்குமுறைக்குப் பிறகு எதிர்த்தரப்புக்குத் தொலைக்காட்சியில் தினமும் பதினைந்து நிமிடம் கிடைத்தது, அதுவும் இரவு வெகு நேரம் கழித்து. அந்தப் பதினைந்து நிமிடத்தில் எதைக் காட்டுவது? சித்திரவதையை, காணாமல் போனவர்களை, கொல்லப்பட்டவர்களைக் காட்ட வேண்டும் என்றது ஒரு தரப்பு. அதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர்கள் வெல்ல வேண்டியது ஏற்கெனவே கோபத்தில் இருந்தவர்களை அல்ல. அச்சத்தில் இருந்தவர்களை, வாக்களித்து என்ன ஆகப்போகிறது என்று சோர்ந்திருந்தவர்களை. அச்சத்தில் இருப்பவருக்கு இன்னும் அச்சமூட்டினால் அவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். ஆகவே வானவில்லைச் சின்னமாக எடுத்தார்கள். மகிழ்ச்சி வந்துகொண்டிருக்கிறது என்று பாடினார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே நிகழ்ச்சியில் ஒரு நடனமும் வந்தது. குவேக்கா அந்த நாட்டின் தேசிய நடனம். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஆடுவது. காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் அதைத் துணையின்றித் தனியாக ஆடினார்கள். கண்முன்னே ஒரு வெற்றிடம். இரத்தம் இல்லை, ஓலம் இல்லை. துயரத்தை மறைத்துவிட்டு மகிழ்ச்சியைக் காட்டியிருந்தால் அது வெறும் பூச்சாகியிருக்கும். துயரத்தை அந்த அளவில் வைத்ததால்தான் வானவில்லை நம்ப முடிந்தது. இதன் பின்னால் வாக்காளர்களைப் பதிவு செய்யும் மாபெரும் வேலையும் நடந்தது. எழுபது லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்திருந்தார்கள். செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ 56 சதவீதம் "வேண்டாம்" என்றது.

நம்பிக்கைச் செய்தியின் முன்தேவை இதில் தெரிகிறது. வலி எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிலியில் அதைச் சொல்லவே தேவையில்லாத நிலை. நம் வேட்பாளரின் "புதிய நாளை" எந்தப் பழைய நேற்றிலிருந்து விடுதலை தருகிறது என்பது அந்தத் தாளில் எங்குமே இல்லை.

மூன்றையும் ஒரு வரியில் கட்டுவது

நான் மேசைமேல் வைத்த நான்காவது வழி இதுதான்: வேறுபாடு. அவர் இது, நான் இது, நீங்கள் தேர்ந்தெடுங்கள். 1971இல் எதிர்க்கட்சிகள் இந்திராவை அகற்றுவோம் என்றபோது, அவர்கள் இந்திராவை அகற்றச் சொல்கிறார்கள், நான் வறுமையை அகற்றச் சொல்கிறேன் என்றார் இந்திரா காந்தி. "கரீபி ஹட்டாவோ" என்ற இரண்டு சொற்களில் எதிராளி யார், தான் யார், எதிர்காலம் என்ன என்ற மூன்றும் அடங்கிவிட்டன. 518 இடங்களில் 352 கிடைத்தது. வறுமை அதே அளவுக்கு அகன்றதா என்பது வேறு கதை.

1980 அக்டோபர் 28ஆம் தேதி அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தின் முடிவில், பதவியில் இருந்த அதிபரை எதிர்த்து நின்ற ரொனால்டு ரீகன், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டதும் இதே வகைதான். எதிராளியைத் தாக்காமலே ஒரு தாக்குதல். "இந்தியா ஒளிர்கிறது" விடையைச் சொன்னது. ரீகன் கேள்வியைக் கேட்டு விடையை வாக்காளரிடம் விட்டார். 2016இல் பிரெக்சிட் தரப்பின் வாசகம் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம் என்று மட்டும் இருந்திருந்தால் அது வெறும் ஆசை. "மீண்டும்" என்ற ஒரு சொல் சேர்ந்ததும், நம்மிடம் இருந்தது, பறிபோனது, திரும்பப் பெறுவோம் என்று முழுக் கதையாகிவிட்டது. எதிர்த்தரப்பு வலிமை, பாதுகாப்பு, வளம் என்று மூன்று சொற்களை அடுக்கியது. முடிவு 51.9க்கு 48.1. அந்தப் பிரசாரத்தின் நேர்மையை நான் மெச்சவில்லை. சொல்லின் வேலையை மட்டும் சொல்கிறேன்.

அன்றிரவு ஒரு வரைவின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டோம். நாம் நம்மைப் பற்றி என்ன சொல்கிறோம், நாம் அவரைப் பற்றி, அவர் தன்னைப் பற்றி, அவர் நம்மைப் பற்றி. பிரசாரக்காரர்கள் பல நாடுகளில் செய்யும் பழைய பயிற்சி இது. முதல் இரண்டு கட்டங்கள் ஐந்து நிமிடத்தில் நிரம்பி வழிந்தன. மூன்றாவதில் ஒருவர் தயங்கித் தயங்கி "அனுபவசாலி" என்று எழுதினார். நான்காவதில் "அனுபவம் இல்லாதவர்" என்று எழுதியதும் வேட்பாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்று வரைவுகளில் ஒன்றுகூட அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. சண்டை நடக்கப்போவது அந்தச் சொல்லின்மேல் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

வீடு வீடாகப் போய் வந்த தொண்டர்கள் குறித்து வைத்திருந்த குறைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது: இரவில் மருத்துவமனையில் மருத்துவர் இருப்பதில்லை. பதினொரு வாக்குறுதிகளில் அது ஏழாவதாக, "சுகாதாரக் கட்டமைப்பு மேம்படுத்தப்படும்" என்ற உருவத்தில் ஒளிந்திருந்தது. அதை எடுத்து முகப்பில் வைத்தோம்:

"இரவு எட்டு மணிக்குமேல் நம் மருத்துவமனையில் மருத்துவர் இல்லை. பத்து ஆண்டு அனுபவம் அதை மாற்றவில்லை. முதல் கூட்டத்தில் முதல் கேள்வியாக நான் இதை எழுப்புவேன்."

அனுபவம் என்ற எதிராளியின் சொல்லை நாமே எடுத்து, அதன் கணக்கைக் கேட்டாயிற்று. வாக்காளரை ஏமாளி என்று சொல்லவில்லை. ஆளை ஏசவும் இல்லை. கடைசி வரிக்குத்தான் ஒரு மணி நேரம் வாதம். வேட்பாளர் "நிரந்தரத் தீர்வு காண்பேன்" என்று போடச் சொன்னார். ஓர் உறுப்பினரால் தனியாக மருத்துவரை நியமிக்க முடியாது. கேள்வி எழுப்ப முடியும், விடாமல் எழுப்ப முடியும். 1988இல் ஜார்ஜ் புஷ், என் உதடுகளைப் பாருங்கள், புதிய வரி கிடையாது என்றார். 1990இல் வரியை உயர்த்த ஒப்புக்கொண்டார். 1992இல் அந்த உதடுகளையே எதிராளிகள் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கையில் இல்லாத அதிகாரத்தை வைத்து வாக்குறுதி எழுதக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே செய்தியா, ஆளுக்கொரு செய்தியா என்ற கேள்வியும் அன்று வந்தது. மையம் ஒன்றாக இருக்க வேண்டும், எடுத்துக்காட்டு மாறலாம் என்பது என் பதில். கைக்குழந்தை உள்ள வீட்டில் காய்ச்சலைச் சொல்லலாம், முதியவர் வீட்டில் நெஞ்சுவலியைச் சொல்லலாம். இங்கே ஒன்றும் அங்கே அதற்கு நேர்மாறாகவும் பேசினால், இரண்டு வீட்டாரும் உறவினராக இருந்து தொலைப்பார்கள்.

மனம் மாற்றுவதா, நம் ஆட்களை வாக்குச்சாவடிக்கு வரவழைப்பதா என்பது தனிக் கணக்கு. அமெரிக்காவில் கல்லா, புரூக்மேன் என்ற ஆய்வாளர்கள் 49 களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுத்தேர்தல்களில் பிரசாரத் தொடர்பு யாருக்கு வாக்களிப்பது என்ற மனத்தை மாற்றும் அளவு சராசரியில் ஏறத்தாழச் சுழியமாக இருந்தது. வரவழைப்பதில் அப்படியில்லை: 2006இல் மிச்சிகனில், நீங்களும் அண்டை வீட்டாரும் முன்பு வாக்களித்தீர்களா என்று காட்டிய ஒரு கடிதம் வாக்குப்பதிவை 29.7 சதவீதத்திலிருந்து 37.8 சதவீதமாக உயர்த்தியது. அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அண்டை வீட்டாரிடம் காட்டிக்கொடுத்து வேலை வாங்குவது அது. ஆனால் கடைசி ஒரு வாரத்தின் உழைப்பை எங்கே போடுவது என்பதற்கு அந்த எண்கள் பதில் சொல்கின்றன.

சோதித்துப் பார்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பிரசுரத்தைப் படிக்கக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதில் என்ன இருந்தது என்று கேட்டால் போதும். 2012இல் ஒபாமாவின் குழு நிதி கேட்கும் மின்னஞ்சல்களைப் பல வடிவங்களில் அனுப்பிச் சோதித்தபோது, எது வெல்லும் என்று அனுபவசாலிகள் சொன்ன கணிப்புகளே அடிக்கடி பொய்த்தன. எங்கள் வரைவுகளை நான்கைந்து பேரிடம் கொடுத்துக் கேட்டதில், முதல் வரைவைப் படித்தவர்கள் "நல்ல மனிதராம்" என்றார்கள். நான்காவதைப் படித்த ஒருவர் எங்களுக்குப் பதில் சொல்லாமல், தன் மாமியாரை நள்ளிரவில் எவ்வளவு தொலைவு தூக்கிக்கொண்டு போனார் என்று சொல்ல ஆரம்பித்தார்.

நம் ஆள் பதவியில் இருந்தவராகவும் அந்த மருத்துவரைக் கொண்டுவந்தவராகவும் இருந்திருந்தால், முதல் வரைவின் வழியில்தான் போயிருப்பேன். வாக்குறுதிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு மருத்துவரின் பணி நேரத்தை மட்டும் அச்சிட்டிருப்பேன். எதிராளிமேல் நிரூபிக்கக்கூடிய முறைகேடு இருந்திருந்தால், இரண்டாவது வழியில் ஆவணத்தின் நகலோடு போயிருப்பேன். மூன்றாவதை எந்த நிலையிலும் அப்படியே அனுப்பியிருக்க மாட்டேன்.

நான்காவதுதான் அச்சுக்குப் போனது. வேட்பாளரின் மனம் கோணாமல் இருக்க, மிச்சம் பத்து வாக்குறுதிகளும் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இடம் பிடித்தன. அவற்றை யாராவது படித்தார்களா என்று இன்றும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.